கேம் ஆடும்போது மூளையில் உண்மையில் நடப்பது என்ன? டோபமைன் முதல் ஹிப்போகாம்பஸ் வரை

#1 · கேள்விக்கணை

வணக்கம் நண்பர்களே. வீடியோ கேமும் மூளையும் என்று பேச்செடுத்தாலே மூன்று செய்திகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. "கேம் ஆடினால் போதைமருந்து எடுத்த அளவுக்கு டோபமைன் ஊறும்" என்பது ஒன்று (டோபமைன் என்பது மூளை நரம்புகள் செய்தி கடத்தும் ஒரு ரசாயனம்). "ஆக்‌ஷன் கேம் ஆடினால் கவனம் கூர்மையாகும்" என்பது இன்னொன்று. மூன்றாவது விசித்திரமானது: மூளை வளரும் என்று ஒரு கட்டுரை, சுருங்கும் என்று இன்னொரு கட்டுரை.

இந்த மூன்றுக்கும் பின்னால் என்ன சோதனை இருக்கிறது, எதை வைத்து எதை அளந்தார்கள், அந்த அளவீட்டின் எல்லை எது? துறை தெரிந்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள். அதிலிருந்து ஆடுபவர்களுக்குப் பயன்படுவது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து.

#2 · நியூரான்நேசன்

டோபமைன் பேச்சின் வேர் 1998இல் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை. லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கெப் தலைமையிலான குழு செய்தது. எட்டு ஆண்கள், ஒரு டாங்கி விளையாட்டு, ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டினாலும் பணம். விளையாடும்போதே பெட் ஸ்கேன் எடுத்தார்கள்.

அளந்த முறையைப் புரிந்துகொள்ளாமல் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. பெட் ஸ்கேன் டோபமைனை நேரடியாகப் பார்ப்பதில்லை. கார்பன்-11 ஏற்றிய ரேக்ளோபிரைடு என்ற பொருளை ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது டி2 வகை டோபமைன் ஏற்பிகளில் போய் உட்காரும். அந்த இடத்தை மூளையின் சொந்த டோபமைன் பிடித்துக்கொண்டால் ரேக்ளோபிரைடுக்கு இடம் குறையும், கதிர்வீச்சும் குறையும். ஆக, ஒளி குறைந்த இடத்தில்தான் டோபமைன் கூடியிருக்கிறது என்று தலைகீழாகப் படிக்க வேண்டும். விளையாட்டின்போது, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் அடிப்பாகத்தில் ரேக்ளோபிரைடு ஒட்டுதல் சுமார் 13 சதவீதம் குறைந்தது. நன்றாக ஆடியவர்களுக்குக் குறைவு அதிகமாக இருந்தது. உயிருள்ள மனிதரில், ஒரு செயலைச் செய்யும்போதே, டோபமைன் வெளிப்படுவதை முதன்முதலாகக் காட்டியது இந்த வேலைதான். அந்தப் பெருமை அதற்கு உண்டு.

ஆனால் எல்லைகளும் உண்டு. ஒப்பிட்டது வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த நிலையோடு. விளையாட்டில் கை அசைகிறது, கண் அசைகிறது, பணம் வருகிறது, போட்டி இருக்கிறது. இதில் எதனால் டோபமைன் கூடியது என்று அந்த வடிவமைப்பு பிரித்துச் சொல்லாது. தலை லேசாக அசைந்தாலும், ரத்த ஓட்டம் மாறினாலும் ரேக்ளோபிரைடு கணக்கு பிசகும்; பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். கார்பன்-11இன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். அதனால் ஸ்கேன் காட்டுவது பல நிமிடங்களின் சராசரி. எதிரியை வீழ்த்திய அந்த ஒரு நொடியில் என்ன நடந்தது என்று அதில் தெரியாது.

#3 · தேன்சிட்டு

அப்போ போதைமருந்தோட ஒப்பீடு எங்கிருந்து வந்துச்சு?

#4 · நியூரான்நேசன்

ஒட்டுதல் குறைந்த சதவீதத்தை, ஊக்கமருந்தை ஊசி வழியே செலுத்திய ஆய்வுகளில் கிடைத்த சதவீதத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் வந்தது. இரண்டு எண்களும் அருகருகே இருந்தாலும் நடந்தது ஒன்றல்ல.

நரம்பு முனையில் வெளிவந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் கடத்தி ஒன்று இருக்கிறது. ஆம்ஃபெட்டமைன் அந்தக் கடத்தியைப் பின்னோக்கி ஓடவைக்கிறது. கோகெய்ன் அதை அடைத்துவிடுகிறது. இரண்டிலும் டோபமைன் வெளியே தேங்கிக் கிடக்கும். விளையாட்டில் கடத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. நரம்பு துடிக்கும்போது வெளிவருவதை அது வழக்கம்போல அள்ளிக்கொண்டு போகிறது. குழாயைத் திறந்து மூடுவதற்கும் வடிகாலை அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம். தொட்டியில் ஒரு கணம் ஒரே உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

#5 · கணக்குப்பிள்ளை

ஸ்கேனுக்குள் தெரியாத அந்த ஒரு நொடிக்கு வருகிறேன். அதற்கான பதில் குரங்குகளில் மின்முனை வைத்து அளந்த வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் வேலையில் இருக்கிறது. 1997இல் ஷுல்ட்ஸ், டயான், மாண்டேக் மூவரும் சயன்ஸ் இதழில் அதைக் கணக்காக எழுதினார்கள். டோபமைன் நரம்புகள் பரிசுக்குத் துடிப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குத் துடிக்கின்றன. எதிர்பாராமல் கிடைத்தால் துடிப்பு ஏறும். எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் மாற்றமில்லை. எதிர்பார்த்தது வராவிட்டால், வந்திருக்க வேண்டிய அந்தத் தருணத்தில் துடிப்பு இறங்கும்.

காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள், நன்றாகப் பிடிபடும். எதிர்பார்ப்பு 0இல் தொடங்கட்டும். கற்றல் வேகம் 0.2. பெட்டி திறந்தால் ஒவ்வொரு முறையும் 10 காசு. பிழை = கிடைத்தது கழித்தல் எதிர்பார்ப்பு. புது எதிர்பார்ப்பு = பழையது கூட்டல் 0.2 × பிழை.

முதல் பெட்டி: பிழை 10, எதிர்பார்ப்பு 2 ஆகிறது. இரண்டாவது: பிழை 8, எதிர்பார்ப்பு 3.6. மூன்றாவது: பிழை 6.4. நான்காவது: 5.12. பத்தாவது பெட்டியில் பிழை 1.34 மட்டுமே. இருபதாவதில் 0.14. பெட்டியில் இருப்பது அதே 10 காசுதான், ஆனால் சமிக்ஞை கிட்டத்தட்டச் செத்துவிட்டது. புதிதாக வாங்கிய கேம் சில நாட்களில் சப்பென்று ஆவதன் எளிய கணக்கு இது.

இப்போது விதியை மாற்றுங்கள். பாதி பெட்டிகளில் 10, பாதியில் ஒன்றுமில்லை, எது எதில் என்று தெரியாது. எதிர்பார்ப்பு 5ஐச் சுற்றி ஊசலாடும். ஒவ்வொரு பெட்டியும் ஏறத்தாழ +5 அல்லது −5 பிழை தரும். நூறு பெட்டி திறந்தாலும் அது அடங்காது, ஏனென்றால் கற்றுக்கொண்டு முடிக்க அங்கே எதுவும் இல்லை. சராசரி வருமானம் முதல் கேமில் பாதிதான். இழுவை அதைவிடப் பல மடங்கு. 2003இல் ஃபியோரில்லோவும் சகாக்களும் இதற்கு மேலும் ஒன்றைக் கண்டார்கள்: பரிசு வரும் வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போது, குறிப்புக்கும் பரிசுக்கும் இடைப்பட்ட காத்திருப்பில் டோபமைன் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. லூட் பாக்ஸை, அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியை, கேமில் திறக்கும்போது இரண்டு மூன்று நொடி ஒளி சுழலவிடுகிறார்களே, அந்தக் காத்திருப்பு.

ஆகவே ஒரு கேமை எடைபோட "எவ்வளவு டோபமைன்" என்று கேட்காதீர்கள். பிழை எதனால் குறைகிறது என்று பாருங்கள். உங்கள் திறமை கூடுவதால் குறைந்தால் அது பயிற்சி. எந்தத் திறமையாலும் குறையாத இடத்தில் பிழை வைக்கப்பட்டிருந்தால் அது சூதாட்டப் பொறியின் அமைப்பு. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் காசு கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸ்களைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

#6 · தேன்சிட்டு

டோபமைன்னா இன்பம், அவ்வளவுதான்னு நினைச்சிருந்தவங்களுக்கு ஒரு வரி சேர்க்கிறேன். கென்ட் பெரிட்ஜ் எலிகள்ல டோபமைனைக் கிட்டத்தட்ட முழுசா அழிச்சுப் பார்த்தார். அந்த எலிகள் தானா போய்ச் சாப்பிடாது. ஆனா நாக்குல சர்க்கரைத் தண்ணி வச்சா, இன்பத்துக்கான அதே முகபாவம் காட்டும். வேணும்னு தூண்டுறது ஒரு சுற்று, பிடிச்சிருக்குன்னு உணர்றது இன்னொரு சுற்று. "பிடிக்கவே இல்ல, ஆனா நிறுத்த முடியல"ன்னு ஆடுறவங்க சொல்றது பொய் இல்ல. மூளையில அது ரெண்டும் பிரிஞ்சு நிக்க இடம் இருக்கு.

#7 · பார்வைப்புலம்

இரண்டாவது செய்தி, கவனம். 2003இல் ஷான் கிரீனும் டாஃப்னி பவேலியரும் நேச்சரில் எழுதியது இதன் தொடக்கம். ஆக்‌ஷன் கேம் ஆடுபவர்கள் பார்வையின் ஓரத்தில் கண நேரம் மின்னும் பொருளைச் சிறப்பாகக் கண்டுபிடித்தார்கள். ஒரே பார்வையில் எத்தனை பொருள்கள் என்று எண்ணுவதிலும், அடுத்தடுத்து வேகமாக வருபவற்றில் இரண்டாவதைத் தவறவிடாமல் இருப்பதிலும் முந்தினார்கள். பிறகு, ஆடாதவர்களை எடுத்து 10 மணி நேரம் மெடல் ஆஃப் ஆனர் என்ற துப்பாக்கி கேம் ஆடவைத்தார்கள், இன்னொரு குழுவை விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். முதல் குழு கூடுதலாக முன்னேறியது. 2009இல் நேச்சர் நியூரோசயன்ஸில் அடுத்தது: 50 மணி நேரப் பயிற்சி, ஒன்பது வாரங்களில் பிரித்து. வெளிர்ச் சாம்பலையும் சற்றே கருத்த சாம்பலையும் பிரித்தறியும் திறன் கூடியது.

ஏன் ஆக்‌ஷன்? எங்கிருந்து வரும் என்று தெரியாத இலக்கு, திரை முழுவதும் பரவிய கவனம், பிறகு சட்டென்று ஒரு புள்ளியில் குவிவது, தவறினால் உடனடி விளைவு. இந்த நான்கும் ஒரே நேரத்தில் அழுத்துகின்றன. நிதானமாக யோசித்து நகர்த்தும் கேமில் இந்த அழுத்தம் இல்லை.

#8 · கட்டுப்பாட்டுக்குழு

பார்வைப்புலம் சொன்ன முடிவுகளை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கதையின் மறுபாதியையும் வைக்க வேண்டும்.

2008இல் வால்டர் பூட்டும் குழுவினரும் ஆடாதவர்களுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். பெரும்பாலான கவனச் சோதனைகளில் ஆக்‌ஷன் குழு மற்ற குழுக்களைவிட முந்தவில்லை. 2011இல் பூட், பிளேக்லி, சைமன்ஸ் மூவரும் எங்கெல்லாம் பிசகும் என்று எழுதினார்கள். நான் மிக முக்கியமாகக் கருதுவது எதிர்பார்ப்பு விளைவு. வேகமான துப்பாக்கி கேம் ஆடியவர், வேகச் சோதனையில் தான் நன்றாகச் செய்வோம் என்று எதிர்பார்த்து அதிகம் முயல்வார். டெட்ரிஸ் ஆடியவருக்கு அந்த எதிர்பார்ப்பு இருக்காது. மாத்திரைச் சோதனையில் சர்க்கரை மாத்திரையை மறைத்துக் கொடுக்கலாம். கேமை எப்படி மறைப்பது?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளும் ஒத்துப்போகவில்லை. 2018இல் பெடியூவும் சகாக்களும் தொகுத்ததில், ஏற்கெனவே ஆடுபவரையும் ஆடாதவரையும் ஒப்பிட்டால் வேறுபாடு 0.55 திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் மதிப்பெண் எவ்வளவு சிதறுகிறது என்பதை அலகாக வைத்த அளவு). பயிற்சி கொடுத்துப் பார்த்தால் 0.34. அந்த இறக்கமே ஒரு தகவல்: கூர்மையானவர்கள் கேமுக்கு வருவது ஒரு பகுதி, கேம் கூர்மையாக்குவது இன்னொரு பகுதி. அதே 2018இல் சாலா, டட்லிடில், கோபே தொகுத்ததில் பயிற்சியின் பொதுப்பயன் ஏறக்குறைய இல்லை என்று வந்தது. சாதகமான முடிவுகள் மட்டும் அச்சேறும் பழக்கத்தைக் கழித்தால் 0.34 இன்னும் சிறுத்துப்போகும் என்பது என் கணிப்பு.

ஒரு ஆய்வைப் படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள்: ஆட்களைச் சேர்க்கும்போது "கேமர்கள் தேவை" என்று விளம்பரம் செய்தார்களா? ஒப்பிடுவதற்காக வைத்த கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே அளவு ஈர்ப்புள்ள கேம் கொடுத்தார்களா? எந்தச் சோதனையில் முன்னேறுவோம் என்று நினைக்கிறீர்கள் என இரண்டு குழுக்களையும் கேட்டார்களா? கடைசியாக ஆடிய அன்றே சோதித்தார்களா, ஒரு நாளாவது விட்டுச் சோதித்தார்களா? அன்றே சோதித்தால் அளப்பது ஆடியதன் விழிப்பு. கற்றது எவ்வளவு என்பது அதில் தெரியாது.

#9 · பார்வைப்புலம்

எதிர்பார்ப்பு விளைவை ஏற்கிறேன். முழுவதையும் அது விளக்காது என்பதற்கு ஒரு சான்று: ரோஜர் லீயும் குழுவினரும் 2011இல் ப்ளோஸ் பயாலஜியில் வெளியிட்டது. சோம்பேறிக் கண் (சிறுவயதில் ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போன நிலை) உள்ள பெரியவர்கள், நல்ல கண்ணை மூடிக்கொண்டு மொத்தம் 40 மணி நேரம் கேம் ஆடினார்கள். பார்வைக்கூர்மை கூடியது. கட்டுப்பாடாக, நல்ல கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது, திரை பார்ப்பது போன்ற அன்றாட வேலை செய்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை. சிறுவயது தாண்டினால் அந்தக் கண்ணில் ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் நெடுநாள் நம்பினார்கள். ஆனால் இதை வீட்டில் தானாகச் செய்யக்கூடாது. எந்தக் கண்ணை எத்தனை மணி நேரம் மூடுவது என்பது கண் மருத்துவர் முடிவு. தவறான அளவில் மூடினால் இரட்டைப் பார்வை வரும் ஆபத்து உண்டு.

"பொது அறிவுத்திறன் கூடும்" என்ற பேச்சை நானும் ஏற்கவில்லை. 2010இல் அட்ரியன் ஓவன் குழு 11,430 பேரை ஆறு வாரம் மூளைப் பயிற்சி விளையாட்டுகள் ஆடவைத்தது. ஆடிய விளையாட்டில் எல்லோரும் முன்னேறினார்கள், வேறெதிலும் இல்லை.

#10 · வரைபடம்

மூளை வளருமா, சுருங்குமா என்ற கேள்வி எனக்கு மிகப் பிடித்தது, ஏனென்றால் இரண்டு கட்டுரைகளுமே சரியாக இருக்கலாம்.

2014இல் சிமோன் கூன் பெர்லினில் செய்த ஆய்வு: பெரியவர்கள் இரண்டு மாதம், நாளுக்கு 30 நிமிடமாவது சூப்பர் மாரியோ 64. வலது ஹிப்போகாம்பஸ் (நினைவுக்கும் இடமறிவுக்கும் உரிய பகுதி), வலது முன்புறப் புறணியின் (மூளையின் வெளிப்படலத்தின்) பக்கவாட்டு மேல்பகுதி, சிறுமூளை ஆகியவற்றில் நரம்புச் செல்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதியின் அளவு கூடியது. 2018இல் கிரெக் வெஸ்ட் குழு மாண்ட்ரியலில் 90 மணி நேரப் பயிற்சி கொடுத்தது. முப்பரிமாண மாரியோ ஆடியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் அல்லது அதோடு சேர்ந்த பகுதிகளில் வளர்ச்சி. முதல் நபர் துப்பாக்கி கேம் ஆடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள்: ஒரு பிரிவுக்குக் கூடியது, இன்னொரு பிரிவுக்குக் குறைந்தது.

பிரித்தது அவர்கள் வழி கண்டுபிடிக்கும் விதம். மூளைக்கு வழி தெரிந்துகொள்ள இரண்டு முறைகள் உண்டு. மலை அங்கே, கோபுரம் இங்கே, நான் இரண்டுக்கும் நடுவில் என்று மனதுக்குள் வரைபடம் போடுவது ஹிப்போகாம்பஸின் வேலை. இரண்டாவது இடது, பிறகு முதல் வலது என்று திருப்பங்களை மனப்பாடமாக ஓட்டுவது வால்கருவின் வேலை. அது ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதி. எட்டுக் கிளைகள் கொண்ட மெய்நிகர் புதிர்ப்பாதையில் அடையாளங்களை மறைத்துவிட்டால் முதல் வகையினர் தடுமாறுவார்கள், இரண்டாம் வகையினர் தடுமாற மாட்டார்கள். அப்படித்தான் வகை பிரித்தார்கள். குறைவு தெரிந்தது இரண்டாம் வகையினருக்கு.

அதனால் ஒரே கேமில்கூட ஆடும் விதம் மாறினால் உழைக்கும் பகுதி மாறும். இதைச் செய்து பாருங்கள்: மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தையும், செல்ல வேண்டிய பாதையைக் காட்டும் கோட்டையும் அமைப்பில் போய் அணையுங்கள். புது ஊருக்குள் நுழைந்ததும் தூரத்திலிருந்து தெரியும் மூன்று அடையாளங்களைத் தேர்ந்தெடுங்கள். வேலை முடிந்ததும் வந்த வழியே திரும்பாமல் வேறு வழியில் தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். ஆடி முடித்தபின் அந்த இடத்தைக் காகிதத்தில் மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, கேமின் பெரிய வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். முதல் சில முறை திசைகள் 90 பாகை திரும்பியிருக்கும். கோணங்கள் எல்லாம் செங்கோணமாக வரும். அந்தப் பிழைகள்தான் எதைக் கவனிக்கவில்லை என்று சொல்கின்றன.

2015இல் கிளெமன்சனும் ஸ்டார்க்கும் இரண்டு வாரம், நாளுக்கு 30 நிமிடம் சூப்பர் மாரியோ 3டி வேர்ல்ட் ஆடவைத்தார்கள். மற்றொரு குழு ஆங்ரி பேர்ட்ஸ். பார்த்த படத்தையும் அதைப்போலவே இருக்கும் வேறு படத்தையும் பிரித்தறிவதில் முதல் குழு முன்னேறியது. அது ஹிப்போகாம்பஸைச் சோதிக்கும் பணி.

#11 · கட்டுப்பாட்டுக்குழு

வரைபடம் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: "சாம்பல்நிறப் பகுதி கூடியது" என்றால் நியூரான்கள் முளைத்தன என்று பொருள் இல்லை. எம்ஆர்ஐ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கனசதுரத்தின் சமிக்ஞையைப் படிக்கிறது. நரம்புக் கிளைகள் அடர்ந்தாலும், உறுதுணைச் செல்கள் பெருத்தாலும், ரத்தக்குழாய் விரிந்தாலும், உடலில் நீர்ச்சத்து மாறினாலும் அந்த எண் மாறும். இந்த ஆய்வுகளில் குழுவுக்குச் சில பத்து பேர்தான். வெஸ்டின் ஆய்வில் குழுவை இரண்டாகப் பிரித்தபின் ஒவ்வொரு பிரிவும் இன்னும் சிறியது. திசையை நம்பலாம். அளவை நம்ப இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

#12 · சிறுமூளை

திறமை ஏறுவது பற்றி யாரும் எழுதவில்லை. ஆடுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான்.

1992இல் ரிச்சர்ட் ஹையர் டெட்ரிஸ் பழகுபவர்களின் மூளை எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் பார்த்தார். சில வாரப் பயிற்சிக்குப் பின் மதிப்பெண் பல மடங்கு ஏறியது. புறணி எரித்த குளுக்கோஸ் குறைந்தது. தேர்ந்தவரின் மூளை கூடுதலாக எரிவதில்லை, தேவையற்ற பகுதிகளை விட்டுவிடுகிறது. ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதை "மூளை நன்றாக வேலை செய்கிறது" என்று படிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

இடைவெளி விட்டுப் பழகுவதற்கு 2014இல் ஸ்டாஃபோர்டும் டிவாரும் நல்ல தரவு தந்தார்கள்: ஆக்ஸான் என்ற எளிய இணைய விளையாட்டை ஆடிய 8,54,064 பேரின் பதிவு. ஆடிய முறைகளின் எண்ணிக்கை சமமாக இருந்தாலும், அதை ஒரே மூச்சில் ஆடியவர்களைவிட இடையில் ஒரு நாளாவது விட்டவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். காரணம், அசைவின் நினைவு ஆடும்போது மட்டும் உருவாவதில்லை. ஆடியபின், குறிப்பாக உறக்கத்தில் உறைகிறது. 2000இல் ஸ்டிக்கோல்ட் குழு மூன்று நாளில் 7 மணி நேரம் டெட்ரிஸ் ஆடவைத்தபோது, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் கட்டைகள் விழும் காட்சி பலருக்கு வந்தது. மறதி நோயாளிகளுக்குக்கூட வந்தது, விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லாதபோதும்!

நடைமுறையில், நாலு மணி நேரத்தை ஒரே நாளில் கொட்டாமல் 40 நிமிடமாக ஆறு நாளில் பிரியுங்கள். முதல் 5 நிமிடம் கை பழக. அடுத்த 25 நிமிடம் ஒரே ஒரு கூறு: குறிபார்ப்பது என்றால் குறிபார்ப்பது மட்டும், தோற்றாலும் பரவாயில்லை. கடைசி 10 நிமிடம் முழு ஆட்டம். ஒவ்வொரு நாளும் கூறு மாறட்டும், ஆனால் ஆட்டம் முழுதாகவே நடக்கட்டும். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1980களில் ஆய்வுக்கென்றே செய்த ஸ்பேஸ் ஃபோர்ட்ரஸ் விளையாட்டில் இந்த முறை, எல்லாவற்றையும் சமமாகக் கவனிக்கச் சொன்னதைவிட நன்றாக வேலை செய்தது. 1994இல் கோஃபர் குழு அதே விளையாட்டில் 10 மணி நேரம் பழகிய இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்கள் உண்மையான பறத்தலிலும் மேலாக இருந்ததைக் காட்டியது.

கெடுப்பது எது? மவுஸின் வேகத்தை அடிக்கடி மாற்றுவது. கை இவ்வளவு நகர்ந்தால் திரையில் இவ்வளவு நகரும் என்ற கணக்கைச் சிறுமூளை பிழை பார்த்துப் பார்த்துத் திருத்தி வைக்கிறது. அமைப்பை மாற்றினால் அந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. தாமதமும் இதே கதைதான். நொடிக்கு 60 படம் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி நொடி, 144 ஹெர்ட்ஸில் 6.9. கண்ணில் பட்டதிலிருந்து விரல் அழுத்தும்வரை 200 முதல் 250 மில்லி நொடி ஆகிறது. அதில் இந்த 10 மில்லி நொடி சிறியது. ஆனால் தாமதம் நிலையாக இருந்தால் மூளை அதையும் சேர்த்துக் கணித்துக்கொள்ளும். 20, 70, 35 என்று தாவினால் கணிக்க வழியே இல்லை. நிலையான 50 மில்லி நொடி, தாவும் 30ஐவிட மேல்.

#13 · தேன்சிட்டு

டெட்ரிஸ் பத்தி இன்னொண்ணு. 2009ல எமிலி ஹோம்ஸ் குழு, மனசை உலுக்குற படக்காட்சியைக் காட்டி, 30 நிமிஷம் கழிச்சு 10 நிமிஷம் டெட்ரிஸ் ஆட வச்சாங்க. அடுத்த ஒரு வாரத்துல அந்தக் காட்சிகள் தானா மனசுல மின்னுறது குறைஞ்சது. சும்மா கவனம் திருப்புனதாலயா? இல்ல. 2010ல வாய்மொழி வினாடி வினா வச்சுப் பார்த்தப்போ அந்தப் பலன் வரல. காட்சி நினைவு உறையுற நேரத்துல காட்சியையும் இடத்தையும் மனசுல வச்சு வேலை செய்ற அதே திறனை டெட்ரிஸ் பிடிச்சுக்குது. சம்பவம் என்னன்னு கேட்டா நினைவிருக்கும், தானா வந்து மோதுறது மட்டும் குறையும்.

#14 · கேள்விக்கணை

மிக்க நன்றி, எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. ஆபத்துப் பக்கம் இரண்டு கேள்விகள். அடிமைநிலை என்பதை எந்த அளவுகோலால் சொல்கிறார்கள்? மின்னும் ஒளியால் வலிப்பு வருவது எவ்வளவு உண்மை?

#15 · இரவுப்பணி

அடிமைநிலைக்கு மணி நேரக் கணக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் கேமிங் கோளாறின் எண் 6சி51. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போயிருக்க வேண்டும். மற்ற விருப்பங்களையும் அன்றாட வேலையையும் பின்தள்ளிக் கேம் முன்னால் வந்திருக்க வேண்டும். கெடுதல் தெரிந்தபின்னும் தொடர வேண்டும். மூன்றும் சேர்ந்து குடும்பம், படிப்பு, வேலை ஆகியவற்றில் கணிசமான பாதிப்பு, பொதுவாக 12 மாதம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு இதை மேலும் ஆராய வேண்டியவை என்ற பகுதியில் வைத்தது. ஒன்பதில் ஐந்து அறிகுறிகள். வாரம் 30 மணி நேரம் ஆடி, தூங்கி, படித்து, நண்பர்களோடு இருப்பவர் இதில் வரமாட்டார். வாரம் 12 மணி நேரம் ஆடுபவர் வரக்கூடும்.

வலிப்பு உண்மை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் தொலைக்காட்சித் தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்கு 12 முறை மாறி மாறி மின்னின. சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பலருக்கு அதற்குமுன் வலிப்பு வந்ததே இல்லை. நொடிக்கு 15 முதல் 25 மின்னல்கள் மிக ஆபத்தானவை; அடர்சிவப்பு இன்னும் மோசம். அதனால்தான் நொடிக்கு மூன்றுக்கு மேல் மின்னக்கூடாது என்று விதி வைத்தார்கள்.

ஒளியால் வலிப்பு வரும் இயல்புள்ளவர் விளையாடினால் அறையில் விளக்கு எரியட்டும், திரையின் வெளிச்சம் குறையட்டும், திரையிலிருந்து தள்ளி உட்காரட்டும், தூக்கம் கெட்ட நாளில் ஆட வேண்டாம். மின்னத் தொடங்கினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதாக மூடி முகத்தைத் திருப்ப வேண்டும். இரண்டு கண்ணையும் வெறுமனே இமையால் மூடுவது தவறு: இமை வழியே சிவப்பு ஒளி உள்ளே வரும், கண் மூடும் செயலே சிலருக்குத் தூண்டும். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரம் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

தூக்கம் பற்றி ஒரு பத்தி. விழித்திரையில் உடல்கடிகாரத்துக்குச் செய்தி சொல்லும் செல்கள் 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு மிகக் கூர்மையானவை. ஆனால் நீல ஒளி வடிப்பான் போட்டுவிட்டு நள்ளிரவு வரை போட்டி ஆடினால் பயன் சொற்பம். இதயத் துடிப்பு ஏறியிருக்கும், அடுத்த ஆட்டத்தின் திட்டம் மனதில் ஓடும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கும் நேரமே தள்ளிப்போயிருக்கும். போட்டியை முதலில் வையுங்கள், படுக்க ஒரு மணி நேரம் இருக்கும்போது அதை முடித்துவிடுங்கள். #12இல் சிறுமூளை என்ற நண்பர் சொன்ன உறைதல் நடப்பது அந்தத் தூக்கத்தில்தான்.

#16 · கட்டுப்பாட்டுக்குழு

குழந்தைகள் பற்றி 2022இல் வந்த செய்தியையும் சரியாகப் படிக்க வேண்டும். ஜாமா நெட்வொர்க் ஓப்பனில் சாரானி குழு 9, 10 வயதுக் குழந்தைகள் ஏறத்தாழ 2,000 பேரை ஆராய்ந்தது. வாரம் 21 மணி நேரத்துக்கு மேல் ஆடுபவர்கள், ஆடவே ஆடாதவர்களைவிடச் செயல்நினைவிலும் (தகவலைச் சிறிது நேரம் மனதில் வைத்து வேலை செய்வது) கையைச் சட்டென்று நிறுத்தும் சோதனையிலும் மேல். "கேம் மூளைக்கு நல்லது" என்று தலைப்பிட்டார்கள். அது ஒரே நேரத்தில் எடுத்த படம். எது முன்னால், எது பின்னால் என்று அதில் இல்லை, அதை ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

#17 · கேள்விக்கணை

கடைசியாக ஒன்று. கேமின் கடினத்தை எந்த அளவில் வைத்தால் கற்றல் அதிகம்? தோற்றுக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை, ஜெயித்துக்கொண்டே இருந்தாலும் பயன் இல்லை என்று தோன்றுகிறது.

#18 · கணக்குப்பிள்ளை

மேலே போட்ட பிழைக் கணக்கேதான் பதில். எப்போதும் ஜெயித்தால் பிழை 0, கற்க ஒன்றுமில்லை. எப்போதும் தோற்றாலும் எதிர்பார்ப்பு தோல்வியில் போய் நின்று பிழை 0. 2019இல் வில்சன் குழு, ஆம்-இல்லை வகைக் கேள்விகளைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டு கற்கும் மாதிரிகளுக்கு, பிழை சுமார் 15.9 சதவீதம் இருக்கும்போது கற்றல் மிக வேகம் என்று கணக்கிட்டது. ஏறத்தாழ ஏழு முயற்சிக்கு ஆறு சரி. பல வாய்ப்புகள் உள்ள முழு ஆட்டத்துக்கு இது அப்படியே பொருந்தாது, ஒரு கூறைத் தனியாகப் பழகும்போது பொருந்தும்.

கையால் அமைக்க எளிய வழி படிக்கட்டு முறை. தொடர்ந்து மூன்று முறை சரியாகச் செய்தால் ஒரு படி கடினமாக்குங்கள். ஒரு முறை தவறினால் ஒரு படி எளிதாக்குங்கள். இது தானாகவே 79.4 சதவீத வெற்றியில் போய் நிற்கும். இரண்டு சரிக்கு ஒரு படி என்றால் 70.7இல் நிற்கும், அது பழகத் தொடங்குபவருக்குச் சோர்வு தரும். படியைச் சிறியதாக வையுங்கள், இலக்கின் அளவில் 5 சதவீதம் போல. 25 சதவீதப் படி வைத்தால் ஒரு பக்கம் மிக எளிது, மறுபக்கம் முடியவே முடியாது என்று ஆடிக்கொண்டே இருக்கும், நடுவில் நிற்காது. ஒரு அமர்வில் எந்தெந்தப் படியில் ஏற்றம் இறக்கமாகவோ இறக்கம் ஏற்றமாகவோ திரும்பியது என்று குறியுங்கள். கடைசி ஆறு திருப்பங்கள் நடந்த படிகளின் சராசரிதான் அன்றைய உங்கள் நிலை. அடுத்த நாள் அங்கிருந்தே தொடங்காமல் இரண்டு படி கீழிருந்து தொடங்குங்கள், கை பழகாத முதல் ஐந்து நிமிடத்துத் தவறுகள் கணக்கில் ஏறாமல் இருக்கும்.